விசாரணை அறையில் இருந்த இரண்டாவது நாற்காலி குறித்து

அனுப்புநர்:
எரென்சினா சன்பெய், வயது 26,
நூலக உதவியாளர்,
ஃபெஃபான் தீவு, சூக் மாநிலம், மைக்ரோனீசியா.
(பதில் அனுப்ப: கல்லூரி நூலகம், வேனோ தீவு. வீட்டு முகவரிக்கு வேண்டாம்.)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
முன்னாள் படைவீரர் இயலாமை உதவித்தொகை மேல்முறையீட்டு வாரியம்.

பொருள்: என் அண்ணன் மச்சுவோ சன்பெய் அவர்களின் மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது – விசாரணையில் நேர்ந்த பிழை என்னுடையது – மீண்டும் ஒருமுறை, நான் இல்லாமல், அவரை விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. வாரியத்தின் தீர்ப்பு, நாள் 14 மார்ச் 2019.
2. விசாரணையின் எழுத்துப் பதிவும் காணொளியும், நாள் 8 நவம்பர் 2018.
3. குவாம் மருத்துவரின் பரிசோதனைக் குறிப்பு, நாள் 20 பிப்ரவரி 2018.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

1. நான் மனுதாரர் அல்ல. அவருடைய பிரதிநிதியும் அல்ல. அவருடைய தங்கை. உங்கள் விதிகளின்படி இந்த வழக்கில் பேச எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. எங்கள் வழக்கப்படி நிச்சயமாக இல்லை. இரண்டையும் யோசித்த பிறகே எழுதுகிறேன்.

2. எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு வேண்டுகோள். இந்த மனு அண்ணனின் கோப்பில் சேரும் என்பதையும், கோப்பில் இருக்கும் எதையும் கேட்டு வாங்கிப் படிக்க அவருக்கு உரிமை உண்டு என்பதையும் அறிவேன். இதன் நகல் அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காரணம் கீழே வருகிறது.

3. வழக்கின் சுருக்கம். மச்சுவோ சன்பெய், வயது 34. அமெரிக்கத் தரைப்படையின் எரிபொருள் பிரிவில் ஆறு ஆண்டுகள். அதில் பதினான்கு மாதங்கள் ஆப்கானிஸ்தானில். அங்கே அவருடைய வேலை எண்ணெய் அளப்பது. எந்த வண்டிக்கு எவ்வளவு, எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு, திரும்பி வர எவ்வளவு. 2011 ஆகஸ்ட் மாதம் அவர் ஓட்டிய லாரியின் அடியில் குண்டு வெடித்தது. எண்ணெயை இறக்கிவிட்டு வந்த லாரி. காலியாக இருந்ததால் உயிரோடு இருக்கிறார். இடுப்பெலும்பும் முதுகின் அடிப்பகுதியும் உடைந்தன. உடைந்த முதுகுக்கு உதவித்தொகை தரப்பட்டது. அதோடு சேர்ந்து வந்த மற்ற இரண்டு குறைகளுக்கு ஆதாரம் போதவில்லை என்றார்கள். அந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டால்தான் குவாமில் சிகிச்சை, அங்கே போய்வர வழி. ஆகவே மேல்முறையீடு.

4. படிவங்களை நிரப்பியவள் நான். ஒரு கட்டத்தைத் தவிர. "கோரப்படும் குறைகள்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, தாளை மடித்து, பேனாவோடு அவர் வீட்டுத் திண்ணையின் மேல் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவர் எழுதி, உறையை ஒட்டித் திருப்பித் தருவார். நான் பிரிக்க மாட்டேன். இப்படி மூன்று ஆண்டுகள் நடந்தது. பேச முடியாததைத் தாள் சுமந்து போனது. இதை ஒரு ஏற்பாடு என்று நாங்கள் பேசிக்கொண்டதுகூட இல்லை.

5. எங்கள் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தங்கை நிற்பதில்லை. அவரைக் கடக்க வேண்டுமானால் குனிந்து, பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடப்பாள். இருவரும் ஒரே கூரையின் கீழ் தூங்குவதில்லை. இருவரும் இருக்கும் இடத்தில் உடம்பின் கீழ்ப்பாதியைப் பற்றிய பேச்சு எழக் கூடாது. வெளியாள் யாராவது தெரியாமல் எழுப்பிவிட்டால் ஒருவர் எழுந்து போய்விடுவார். எழுந்து போக முடியாவிட்டால், அந்தப் பேச்சில் உண்மை எதுவும் இல்லை என்று ஆக்கிவிடுவார்.

இது வெட்கம் அல்ல. மரியாதை என்ற சொல்லும் முழுதாகப் பொருந்தவில்லை. குவாமில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஒன்றை விளக்கி எழுதிவிட்டால் அது நம்மை விட்டுவிடும் என்று அந்த வயதில் நினைத்திருந்தேன்.

6. விசாரணை நாள். வேனோவில் எங்கள் கல்லூரியின் சிறிய அறை. நீதிபதி திரையில். பிரதிநிதி தொலைபேசியில். கணினியை இணைத்துக் கொடுத்துவிட்டு நான் வெளியே போக வேண்டும். அதுதான் திட்டம். கதவருகே தரையில் உட்கார்ந்து, இணைப்பு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் வேறு யாராவது உண்டா என்று நீதிபதி கேட்டார். அண்ணன் சொன்னார்: "என் தங்கச்சிதாங்க ஐயா. பேப்பர் வேலையெல்லாம் அவதான் பாத்துக்குறா."

நீதிபதி மகிழ்ந்தார். குடும்பத்தார் உடன் இருப்பது நல்லது என்றார். தரையில் ஏன், நாற்காலியில் உட்காரட்டும், இருவரையும் நான் பார்க்க வேண்டும் என்றார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த வழக்கில் எங்களிடம் அவ்வளவு கனிவாகப் பேசியவர் அவர் ஒருவரே. அந்தக் கனிவால்தான் இது நடந்தது.

நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி. அண்ணனின் நாற்காலிக்குச் சம உயரம்.

நான் எழுந்து போயிருக்கலாம். காற்றடித்தால் இணைப்பு அறுந்துபோகும், அறுந்தால் மறுபடி இணைக்க ஆள் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி. மீதிப் பாதி, ஒரு நீதிபதி என்னை உட்காரச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நான்கு ஆண்டுகள் வெளியே படித்தவள். வழக்கம் ஒரு மணி நேரம் வராந்தாவில் காத்திருக்கும் என்று நினைத்தேன். அது உள்ளே வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தது.

7. எழுத்துப் பதிவின் பக்கங்களைப் பார்க்கும்படி கோருகிறேன்.

பக்கம் 17. சிறுநீரை அடக்குவதில் சிரமம் உண்டா என்பது கேள்வி. பதில்: "இல்லீங்க ஐயா."

பக்கம் 18. ஒரு நாளில் எத்தனை முறை உடை மாற்ற வேண்டியிருக்கிறது என்பது கேள்வி. பதில்: "அப்படி ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

பக்கம் 19. மனைவியோடு வாழ்வதில் குறை உண்டா என்பது கேள்வி. பதில் தரப்படவில்லை என்று பதிவாகியிருக்கிறது. மீண்டும் கேட்கப்பட்டது. "இல்லீங்க ஐயா."

பக்கம் 20. இவை இரண்டும் இருப்பதாக நீங்களே குவாம் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறீர்களே என்று நீதிபதி பொறுமையாகக் கேட்டார். அண்ணன் சொன்னார்: "டாக்டர் ஏதோ தப்பா எழுதியிருப்பாருங்க ஐயா."

பக்கம் 22. நீதிபதி என் பக்கம் திரும்பி, சேர்த்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா அம்மா என்று கேட்டார். என் பதில்: "இல்லை ஐயா."

காணொளியின் நாற்பத்தோராவது நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடங்களை, ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் இடப்பக்கச் சுவரைப் பார்க்கிறார். நான் தரையைப் பார்க்கிறேன். ஒருமுறைகூட இருவரும் திரையைப் பார்க்கவில்லை. உண்மையை மறைப்பவர்கள் கேட்பவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

8. இனி உண்மை. எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மனைவி தாசியானா சொன்னார். பெண்கள் வலை போடப் பவளத்திட்டுக்குப் போன ஒரு நாள். நான் பின்னால் வருவது தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெண் அவரைச் சீண்டிக்கொண்டிருந்தாள்: "உன் வீட்டுக் கொடியில தினமும் ஆம்பள துணியாவே காயுதே தாசியானா. பட்டாளத்துல துவைக்கிற உத்தியோகமா பாத்தாரு?" எல்லோரும் சிரித்தார்கள். தாசியானாவும் சிரித்தார். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. தங்கை வந்துவிட்டாள். திரும்பும்போது, இடுப்பளவு தண்ணீரில், வலையின் மறுமுனையைப் பிடித்தபடி, தாசியானா எல்லாவற்றையும் சொன்னார். சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. பிறகு குவாமுக்கு, தன் அக்காவிடம் போய்விட்டார். ஓர் ஆண்டு ஆகிறது.

எழுதுகிறேன். என் அண்ணனுக்கு 2011 ஆகஸ்ட் முதல் சிறுநீர் கட்டுப்படுவதில்லை. ஒரு நாளில் நான்கு, ஐந்து முறை உடை மாற்றுகிறார். அன்றிலிருந்து அவரால் மனைவியோடு வாழ முடியவில்லை. ஆண் மருத்துவரிடம், கதவைச் சாத்திய அறையில், அவர் சொன்னவை எல்லாம் உண்மை.

இந்த நான்கு வரிகளை எழுத எனக்கு ஒன்பது நாட்கள் ஆயின.

9. தீர்ப்பின் ஆறாம் பக்கம் சொல்வது: மனுதாரர் மருத்துவரிடம் கூறியதும் சத்தியம் செய்து கூறியதும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, ஆகவே அவருடைய கூற்று நம்பத்தக்கதல்ல, அருகில் வசிக்கும் சகோதரியும் சேர்த்துச் சொல்ல எதுவும் இல்லை என்றே கூறினார்.

தீர்ப்பில் பிழை என்று நான் வாதிடவில்லை. வாரியத்தின் முன் இருந்த தாள்களை வைத்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். தாளில் இல்லாத ஒன்று இருந்தது. மருத்துவரின் அறையில் ஒரு நாற்காலி. விசாரணை அறையில் இரண்டு. முரண்பாடு அவ்வளவுதான்.

தீர்ப்பு ஏப்ரல் 29 அன்று வந்து சேர்ந்தது. அண்ணன் படகுத் துறையில் நின்றபடியே படித்தார். மடித்தார். நாம் மேல்நீதிமன்றத்துக்குப் போகலாம், நூற்றிருபது நாள் இருக்கிறது என்று நான் குனிந்தபடி சொன்னேன். அவர் சொன்னது: "நான் சொன்னதத்தானே எழுதியிருக்காங்க. அவங்க மேல என்ன தப்பு. நீ பத்திரமா வெச்சுக்க தங்கச்சி."

அதன் பிறகு இதைப் பற்றிப் பேச்சே இல்லை. கையெழுத்துக் கேட்டு நான் வைத்த தாள் திண்ணையின் மேல் அப்படியே இருந்தது. மழையில் நனைந்த பிறகு எடுத்துவந்தேன்.

10. தலைவர் அவர்களே, நான் இந்த மனுவை எழுதுவது தீர்ப்புக்காக மட்டும் அல்ல. கீழே வருவது சட்டப்படி உங்கள் விஷயமா என்று தெரியவில்லை.

எங்கள் துறையிலிருந்து பவளத்திட்டுக்கு வெளியே மீன் பிடிக்கப் போனால், போக ஒரு கேன் எண்ணெய், வர ஒரு கேன். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மே 18 அன்று அண்ணன் தனியாக வெளியே போனார். அவர் போன பிறகு படகுக் கொட்டகையில் ஒரு கேன் இருந்தது. நிறைந்த கேன். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நீரோட்டம் அவரை உள்ளே கொண்டுவந்தது. மாலையில் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார். ஜூன் 2. மறுபடியும் ஒரு கேன் கொட்டகையில். ஜூன் 11 அன்றும் அப்படியே.

அன்று உமான் தீவுப் படகு ஒன்று அவரைக் கட்டி இழுத்துவந்தது. அந்தப் படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, துறையில் இருந்த எல்லோரும் கேட்கும்படி கேலி செய்தார்: "ஏம்ப்பா மச்சுவோ, அமெரிக்காக்காரன் உனக்கு எண்ணெய் அளக்கக்கூடச் சொல்லித் தரலையா?" துறையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். "கணக்கு தப்பிப்போச்சு மாமா" என்றார்.

பத்தி 3-ஐ மீண்டும் ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பதினான்கு மாதங்கள், நூற்றுக்கணக்கான வண்டிகள். அவருடைய நற்சான்றிதழில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. அவர் அளந்து அனுப்பிய எந்த வண்டியும் வழியில் நின்றதில்லை.

அன்று துறையில் சிரிக்காதவள் நான் ஒருத்திதான். அதை அவர் பார்த்தார்.

11. பொன்பெய் தீவில் கஸியானோ என்பவர் இருக்கிறார். குண்டு வெடித்த அன்று பின்னால் வந்த லாரியை ஓட்டியவர். அண்ணனை வெளியே இழுத்தவர். நூலகத் தொலைபேசியில் அவரிடம் பேசினேன். பாதிதான் சொன்னேன். மீதியை அவரே புரிந்துகொண்டார். பிறகு சொன்னார்: "நான் வர்றேன். அவன் பக்கத்துல நான் உக்காந்துக்கறேன். நீ அந்தக் கட்டடத்துலயே இருக்கக் கூடாது, பொண்ணே. போன தடவ மட்டும் ஏன் இருந்த?"

இந்த மனுதான் அவருக்கும் பதில்.

12. ஜூன் 11-க்குப் பிறகு நான் செய்தது ஒன்று உண்டு. பெண்கள் கை வைக்காத இடம் மீன்பிடிப் படகு. வைத்தேன். ஒரு கேனை நிரப்பி, முன்பலகையின் அடியில், பழைய வலையைப் போர்த்தி வைத்துவிட்டு வந்தேன். அவர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது படகோடு போகும். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. பத்து நாட்கள் அது அங்கேயே இருந்தது. ஒவ்வொரு காலையும் வேனோவுக்குப் படகு ஏறுமுன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன். வலையின் மடிப்பு மாறவில்லை.

நேற்று வேலை முடிந்து வந்தபோது அந்தக் கேன் என் வீட்டு வாசலில் இருந்தது. நிறைந்தபடி. மேலே அந்தப் பழைய வலை, நன்றாக மடிக்கப்பட்டு.

இன்று காலை அண்ணன் படகின் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து கடந்து போனேன். "வேலைக்கு நேரமாச்சா தங்கச்சி" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேசினோம். இதை நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சன்னலிலிருந்து கடல் தெரிகிறது. ஃபெஃபான் துறை இங்கிருந்து தெரியாது.

13. ஆகவே என் கோரிக்கைகள்.

அண்ணனை மீண்டும் ஒருமுறை விசாரிக்க வேண்டும். அறையில் ஆண்கள் மட்டும் இருக்க வேண்டும். அருகில் கஸியானோ இருக்க அனுமதிக்க வேண்டும். மேலே செல்லக் கொடுத்த நூற்றிருபது நாளில் இன்றோடு நூற்று நான்கு முடிந்தது. மீதி பதினாறு. புதிய தீர்ப்பு இந்தப் பதினாறு நாளுக்குள் வராது என்று தெரியும். விசாரணைக்கு ஒரு நாள் குறித்து, அந்தத் தேதியை அவருக்குத் தொலைபேசியில் உடனே தெரிவித்தால் போதும். ஒரு தேதி இருந்தால் அவர் அதற்குத் திரும்பி வர அளந்து வைப்பார். அது அவருடைய பழக்கம்.

விசாரணையில் என் "இல்லை ஐயா" என்ற பதிலைத் திரும்பப் பெறுகிறேன். பொய் சொன்னதற்கு விதிப்படி தண்டனை உண்டென்றால் அது எனக்கு உரியது. அவர் பொய் சொல்லவில்லை. தங்கையின் முன்னால் ஓர் அண்ணன் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

14. இதை எழுதத் தொடங்கியது ஒன்பது நாட்களுக்கு முன். பத்தி 2-இல் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன், இந்த மனுவை அவருக்குக் காட்டக் கூடாதென்று. அப்போது நான் பயந்தது ஒன்றுக்கு. தங்கை அவரைப் பற்றி, இந்தச் சொற்களை, தன் கையால், அந்நியருக்கு எழுதினாள் என்று தெரிந்தால் அவர் அதன் பிறகு என்னோடு பேச மாட்டார். நான் இருக்கும் துறையில் இறங்க மாட்டார். எங்கள் குடும்பத்தில் அப்படி நடந்ததுண்டு. சாகும்வரை அப்படியே இருந்தார்கள்.

நேற்று அந்தக் கேனைப் பார்த்த பிறகு பயம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

பத்தி 2-ஐ அடித்துவிடுங்கள். நகல் அவருக்கும் போகட்டும். முழுதாகப் போகட்டும், அந்த நான்கு வரிகளோடு. என்மேல் கோபப்பட வேண்டும் அவர். பல ஆண்டுகள் கோபமாக இருக்க வேண்டும். அதற்காவது அவர் இருக்க வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கி, இதில் உள்ளவை உண்மை என்று உறுதி கூறிக் கையொப்பமிடுகிறேன்.

இடம்: வேனோ
நாள்: 26 ஜூன் 2019

(ஒப்பம்) எரென்சினா சன்பெய்
மனுதாரருக்கு உறவு: தங்கை